ஆவுளியாவைத் தொடக் கூடாது

மணமேல்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் அந்த ஊரில், தெரியாத முகம் ஒன்று பையோடு பஸ்ஸை விட்டு இறங்கினால் ஊரே கணக்குப் போட ஆரம்பித்துவிடும். ஒன்று மீன்வளத்துறை, இல்லாவிட்டால் வனத்துறை, அதுவும் இல்லாவிட்டால் அவர்களுக்குத் துப்புச் சொல்ல வந்த ஆள். நாலாவதாக ஒன்று இருக்கும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

பிரகதீஸ்வரி இறங்கியபோதும் அதே கணக்குதான். கறம்பக்குடிக்காரி. ஆவுளியாவைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்திருக்கிறேன் என்றாள். கடல்பசு என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்குமே, கடலடியில் தாழைப்புல்லை மேய்ந்துகொண்டு மூச்சுவிட மட்டும் மேலே வந்து போகிற சாதுப் பிராணி, அதுதான் ஆவுளியா. அதைப் பிடித்தால் ஜெயில் என்பது கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதைப் பார்ப்பதற்கென்றே ஒருத்தி ஊர்விட்டு ஊர் வருவாள் என்பதைத்தான் யாரும் நம்பவில்லை.

ஷேக் பரீதும் நம்பவில்லை. ஆனாலும் தன் பைபர் படகை அவளுக்கு வாடகைக்கு விட்டார். வேறு யாரோ ஏற்றிக்கொண்டு போவதைவிட, அவள் தன் கண்பார்வையில் இருப்பது நல்லது என்று நினைத்தார். நினைக்கக் காரணம் இருந்தது. அவர் மனைவி சம்சுன் நிஹாரின் தம்பி ரியாசுதீன், பிடிக்கத் தடையுள்ள கடல் அட்டையைப் பிடித்த கேஸில் மாட்டி, ஜாமீனில் வந்து, இப்போதுதான் ஒழுங்காக வலை போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தான். இன்னொரு கேஸ் வந்தால் ஜாமீன் போய்விடும், ஆளும் உள்ளே போய்விடுவான். "அவன் மேல ஒரு தூசி படக் கூடாதுங்க, பாத்துக்கங்க," என்று சம்சுன் நிஹார் சோறு போடும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். சோறு இறங்க வேண்டுமே என்று அவரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

முதல் நாள் படகில் ஏறியதும் பிரகதீஸ்வரி தன் அனுமதிக் கடிதத்தை எடுத்து, ஒவ்வொரு நிபந்தனையாகத் தமிழில் சொன்னாள்.

"நெருங்கக் கூடாது, வெரட்டக் கூடாது, தொடவே கூடாது. தூரத்துல நின்னு ட்ரோன்ல படம் எடுத்துக்கலாம். ஒன்ன மீறுனாலும் பர்மிட் கேன்சல் பாய்."

"அப்பப் பாக்குறதுக்கு மட்டுமா பர்மிட்டு?"

"ஆமா பாய். இதுக்கே ஒன்றரை வருசம் அலைஞ்சேன்."

"நாங்க பொறந்ததுலேருந்து பர்மிட் இல்லாமத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம் மேடம்," என்று ஷேக் பரீது சிரித்தார். சிரிப்பெல்லாம் வெளியேதான். ஒன்றரை வருஷம் அலைந்து ஒரு காகிதம் வாங்கி, வெறுமனே பார்த்துவிட்டுப் போகிற மனுஷி உலகத்தில் உண்டா? இன்றைக்கு ஆவுளியா இங்கே இருக்கிறது என்று எழுதுவாள், நாளைக்கு இங்கே வலை போடாதே என்று உத்தரவு வரும். இல்லாவிட்டால் அதைவிட மோசமாக, ரியாசுதீன் பேரையே எழுதிக்கொண்டு போவாள்.

ஆவுளியா மேயும் தாழைத் திட்டு எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தன் வீட்டு அடுப்படிபோலத் தெரியும். ரியாசுதீன் வலை போடுவதும் அந்தத் திட்டின் ஓரத்தில்தான். ஆகவே அந்தத் திசை ஒன்றை விட்டுவிட்டு மற்ற எல்லாத் திசைக்கும் அவளைக் கூட்டிப்போனார். சேற்றுப் பகுதியைக் காட்டினார், மணல் மேட்டைக் காட்டினார். மீன்கூட எட்டிப் பார்க்காத இடத்தில் படகை நிறுத்தி, "இங்கதான் மேடம் அடிக்கடி வரும்," என்று கூசாமல் சொன்னார். அவளும் நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்து வெறும் தண்ணீரைப் படம் எடுத்தாள். ஒரு நாளும் சலித்துக்கொள்ளவில்லை. அந்தப் பொறுமைதான் அவரை உறுத்தியது. ஏமாந்தவள் கோபப்பட வேண்டாமா?

ஒரு நாள் திரும்பும் வழியில் தூரத்தைக் காட்டிக் கேட்டாள்.

"பாய், அந்த மஞ்சக் கேன் மிதப்பு யாரோடது?"

வலை இருக்கும் இடம் தெரிய ஆளாளுக்கு ஒரு மிதப்புக் கட்டுவார்கள். மஞ்சள் எண்ணெய்க் கேனில் பச்சைக் கோடு போட்டுக் கட்டுவது ரியாசுதீன். கரையில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

"தெரியலையே மேடம். காத்துல அடிச்சிக்கிட்டு வந்துருக்கும்."

அவள் நோட்டை எடுத்து என்னவோ குறித்துக்கொண்டாள். துப்புக்காரிதான், சந்தேகமே இல்லை என்று அன்றைக்கு அவர் முடிவு கட்டினார்.

பிறகு ஒரு காலை, காற்று விழுந்து கடல் குளம்போலக் கிடந்தபோது, "இன்னைக்கு அங்கிட்டுப் போவோம் பாய்," என்று நேராகத் திட்டைக் காட்டினாள்.

"எஞ்சின் சரியில்ல மேடம்."

"போற வரைக்கும் போவோம்."

மறுத்தால் அங்கே என்னவோ இருக்கிறது என்று தானே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். வேறு வழியில்லாமல் போனார்.

தூரத்திலிருந்தே மஞ்சள் கேன்கள் வெடுக்கென்று முங்கி எழும்புவது தெரிந்தது. மீன் இழுத்தால் கேன் அப்படி முங்காது. கிட்டே போனபோது சாம்பல் நிறத்தில் ஒரு மூக்கு மேலே வந்து, புஸ்ஸென்று மூச்சுவிட்டு, உடனே உள்ளே இழுபட்டது. வாலில் வலை சுற்றிக் கிடந்தது. ஆளைவிடப் பெரிய ஆவுளியா. மச்சினனின் வலை. ஷேக் பரீது எஞ்சினை நிறுத்தினார்.

பிரகதீஸ்வரி பரபரவென்று ட்ரோனை மேலே ஏற்றினாள்.

"பாய், நீங்க எறங்கி அறுத்து விடுங்க. நான் மேலேருந்து எடுக்குறேன். வலையில மாட்டுனத உயிரோட விட்டா அது குத்தமே இல்ல. சாட்சிக்குத்தான் படம்."

சாட்சி என்ற சொல் அவர் காதில் விழுந்த மாதிரி வேறெதுவும் விழவில்லை. ஆவுளியாமேல் கைவைத்த ஷேக் பரீது, பழைய கேஸ் உள்ளவன் போட்ட வலை, எல்லாம் சேர்ந்து ஒரே படத்தில். லட்டு மாதிரி கேஸ். இதற்காகத்தான் இத்தனை நாள் வெறும் தண்ணீரைப் படம் பிடித்துக்கொண்டு காத்திருந்தாளா?

"கேமராவ நிறுத்துங்க."

"நிறுத்துனா நாளைக்கு யாருகிட்டயும் நிரூபிக்க முடியாது பாய்."

"அப்ப நீங்களும் எறங்குங்க. ஒங்க கையும் அதுல படட்டும். அப்பத்தான் நான் தொடுவேன்."

"நான் தொடக் கூடாது. மொத நாளே சொன்னேனே."

"அதனாலதான் எறங்கச் சொல்றேன்."

மூக்கு மறுபடி மேலே வந்தது. இந்தத் தடவை பாதிதான் வந்தது. தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. பிரகதீஸ்வரி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ட்ரோன் தலைக்கு மேலே படம் எடுத்துக்கொண்டிருக்க, கையிலிருந்த ரிமோட்டைப் பலகைமேல் வைத்துவிட்டு, சுடிதாரோடு கடலில் குதித்தாள்.

தண்ணீர் நெஞ்சுமட்டம்தான். அவள் இரண்டு கையாலும் ஆவுளியாவின் தலையைத் தூக்கிப் பிடித்து மூக்கைத் தண்ணீருக்கு மேலே நிறுத்தினாள். ஷேக் பரீது கத்தியோடு இறங்கி வாலருகே கண்ணி கண்ணியாக அறுத்தார். கடைசி முடிச்சு விட்டதும் அது ஒரு உலுக்கு உலுக்கி, சேற்றைக் கிளப்பிவிட்டுப் போயே போய்விட்டது. பிரகதீஸ்வரி தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

படகில் ஏறிய பிறகு அவருக்கு நிம்மதியாக இருந்தது. இனி இவளும் மாட்டிக்கொண்டவள், வாயைத் திறக்க மாட்டாள்.

"படத்த அழிச்சிருவீங்கள்ல?"

அவள் ட்ரோனை இறக்கிப் பைக்குள் வைத்தாள்.

அந்த நிம்மதி கரை வரைக்கும்தான். வேறு படகிலிருந்து எவனோ பார்த்துவிட்டுப் போன் போட்டிருக்கிறான். வனத்துறை ஜீப் நின்றது. ரியாசுதீனைச் சட்டைகூடப் போட விடாமல் கூட்டிவந்து நிறுத்தியிருந்தார்கள். சம்சுன் நிஹார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"வலையில ஆவுளியா கெடந்துச்சாமே. கறி எங்கடா போச்சு?" என்று வனவர் அவனைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உயிரோட விட்டாச்சு சார். நான்தான் அறுத்து விட்டேன்," என்றார் ஷேக் பரீது.

"மச்சினனுக்கு மச்சான் சாட்சியாக்கும்." வனவர் பிரகதீஸ்வரி பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க கூட இருந்தீங்களா? படம் ஏதும் இருக்கா? வாய்வார்த்தைய வச்சு நான் இவன விட முடியாது."

ஷேக் பரீது மணலைப் பார்த்தார். இல்லை என்று சொல்வாள். சொன்னால் குற்றம் சொல்லவும் முடியாது. அவளையும் தொட வைத்து அந்த வாசலை அடைத்ததே அவர்தான். சம்சுன் நிஹாரின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"இருக்கு சார்," என்றாள் பிரகதீஸ்வரி.

அவள் நீட்டிய போனில் எல்லாரும் தலையோடு தலை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். மூக்கு மேலே வந்தது, அவள் குதித்தது, தலையைத் தாங்கியது, கத்தி, சேறு, ஆவுளியா நீந்திப் போனது, ஒன்றும் பாக்கியில்லை. வனவர் குரலைத் தாழ்த்தினார்.

"தொட்டுருக்கீங்களே மேடம். இத நான் மேல அனுப்பியாகணும். நீங்க இருக்குற எடத்த மட்டும் வெட்டிட்டுக் குடுத்தீங்கன்னா..."

"வெட்டுன படத்த யாரு சார் நம்புவா? ஏற்கனவே கேஸ் உள்ள ஆளு."

ரியாசுதீனை அங்கேயே விட்டார்கள். அடுத்த மாதம் புதுக்கோட்டையில் அவனுக்குப் பொன்னாடை போர்த்தி, அருகிவரும் உயிரினத்தைக் காத்த மீனவர் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அதற்குள் பிரகதீஸ்வரியின் அனுமதியை ரத்து செய்த கடிதம் வந்துவிட்டது.

ஷேக் பரீதுதான் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏம்மா காட்டுனீங்க?"

"பாய், திட்டு எங்க இருக்குன்னு எனக்கு வந்த வாரமே தெரியும். மஞ்சக் கேன் யாரோடதுன்னும் டீக்கடையில சொல்லிட்டாங்க."

"தெரிஞ்சுமா எங்கூட வெயில்ல சுத்துனீங்க?"

"நீங்களா ஒரு நாள் கூட்டிட்டுப் போவீங்கன்னு இருந்தேன். ஒங்களுக்குத் தெரியாம போயிருந்தா, அப்பறம் இந்த ஊர்ல யாரு எங்கூடப் பேசுவா?" பஸ் வந்துவிட்டது. ஏறும்போது திரும்பினாள். "மெத்துன்னு இருக்கும்னு நெனச்சேன் பாய். மூஞ்சியெல்லாம் ஒரே முள்ளு மாதிரி முடி."

அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போனார். வன அலுவலகத்தில் வெகுநேரம் காத்திருந்து, மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரியிடம் சொன்னார்.

"அந்தப் பிள்ளை தானா எறங்கல சார். எறங்குனாத்தான் அறுப்பேன்னு சொன்னது நான். தப்பு ஏம்மேல. அந்தப் பிள்ளைக்குப் பர்மிட்டத் திருப்பிக் குடுங்க."

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒங்க மச்சினன்தான் தப்பிச்சிட்டான்ல. இப்ப வந்து இதச் சொல்றதுல ஒங்களுக்கு என்ன லாபம்?"

ஷேக் பரீது வாயைத் திறந்தார். இதே கேள்வியை எத்தனை நாள் அவளைப் பார்த்து மனசுக்குள் கேட்டிருப்பார். 

"லாபம் ஒன்னும் இல்லைங்க," என்றார் கடைசியில்.

அதிகாரி அதை நம்பவில்லை. அது முகத்திலேயே தெரிந்தது.