மாஸ்டர் அருள்தாஸின் முழங்கை

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பரோட்டா என்றால் வேதாசலம் கடை, வேதாசலம் கடை என்றால் அருள்தாஸ். பதினாறு வருஷமாக அவன்தான் அங்கே மாஸ்டர். அவனுக்கு இருந்த ஒரே தொல்லை அரிப்பு. இரண்டு முழங்கையிலும் முழங்காலிலும் கொத்துக் கொத்தாகச் சின்னக் கொப்புளம் கிளம்பும், சொறிந்தால் உடைந்து கறுத்துப்போகும். அடுப்பு அனல் என்றார்கள், ஒவ்வாத சோப்பு என்றார்கள். வேப்பிலை அரைத்து அரைத்து அவன் மனைவி மார்த்தாளின் கையே கசந்துபோனது.

கழனி வேலைக்குப் போகிற மார்த்தாளுக்கு அரிப்பைவிட வேறொன்று உறுத்தியது. நிரம்பிய காஸ் சிலிண்டரைத் தோளில் தூக்குகிறவன், இப்போது காலி சிலிண்டரைத் தள்ளவே மூச்சு வாங்கினான். நாக்கு வெளுத்திருந்தது. ரத்தம் எட்டுதான் இருக்கிறது என்று அரசு ஆஸ்பத்திரியில் சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதம் தின்றும் எட்டு எட்டாகவே நின்றது.

ஒருநாள் நடவை விட்டுவிட்டு அவளே கூடப் போனாள். புதிதாக வந்திருந்த டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு, "மாத்திரை ஒழுங்கா போடறாரா?" என்று கேட்டார்.

"நான்தான் மேடம் குடுக்கறேன். முழுங்கற வரிக்கும் பாத்துக்கினு நிக்கறேன்."

"வாயில புண்ணு வருமா?"

"வந்துக்கினேதான் கீது."

சொல்லிக்கொண்டே மார்த்தாள் அவன் சட்டைக் கையைச் சுருட்டினாள். "இத்தையும் பாத்துடுங்க. இது வேற டாக்டரு வேலைன்னு காட்ட மாட்டேன்றாரு."

டாக்டரம்மா மறுகையையும் காட்டச் சொன்னார். இரண்டிலும் ஒரே இடம், ஒரே மாதிரி. "வயித்துல ஏதாவது? பேதி, உப்புசம்?"

"கல்லைத் துன்னாலும் செரிக்கும் மேடம்," என்றான் அருள்தாஸ்.

"என்ன வேலை?"

"பரோட்டா மாஸ்டரு. ராத்திரிச் சாப்பாடும் அதான், நாலு பரோட்டா."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். பிறகு செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, "சோதனை எல்லாம் முடியற வரைக்கும் பரோட்டாவ நிறுத்தாதீங்க. நிறுத்தினா நோய் ஒளிஞ்சிக்கும்" என்றார். பரோட்டா தின்னச் சொல்லும் டாக்டரை அருள்தாஸ் அன்றுதான் பார்த்தான்.

செங்கல்பட்டில் ரத்தம் எடுத்தார்கள், முழங்கைத் தோலில் ஒரு துணுக்கு எடுத்தார்கள், வாய்வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார்கள். சீலியாக் நோய் என்று முடிவு வந்தது. கோதுமையிலும் மைதாவிலும் ரவையிலும் உள்ள ஒரு புரதம் அவன் உடம்புக்கு ஆகவில்லை. அது குடலின் உள்பூச்சைத் தேய்த்துவிட்டதால் எந்தச் சத்தும் ஒட்டவில்லை, ரத்தமும் ஏறவில்லை. தோலில் கிளம்பியதும் அதே நோய்தான். வயிறு மட்டும் வாயைத் திறக்காமல் இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இனி ஆயுசுக்கும் கோதுமை கூடாது, பறக்கிற மாவுத் தூசிகூடக் கூடாது.

திரும்பும் பஸ்ஸில் அருள்தாஸ் கேட்டான். "மைதா இல்லாம நான் இன்னா மாஸ்டரு, மார்த்தா?"

"அரிசிய வேணான்னு யாரும் சொல்லலியே. இடியாப்பம் புழிவியா மாட்டியா?"

வேதாசலம் நல்ல மனுஷன். கடைக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து, புதுத் தோசைக்கல்லும் வாங்கிப் போட்டார். பரோட்டாவுக்கு வேறு ஆள் வந்தான். அருள்தாஸ் இடியாப்பத்தை முட்டையோடு போட்டுக் கொத்தினான். கொத்துகிற சத்தத்துக்கே கூட்டம் நின்றது. இரண்டு மாதத்தில் மாகறலில் இருந்தெல்லாம் பார்சலுக்கு வந்தார்கள். மூன்றாம் மாதம் ரத்தம் பதினொன்று. முழங்கையில் புதுக் கொப்புளம் இல்லை.

திடீரென்று ஒரு வாரம் மறுபடி அரித்தது. மார்த்தாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஒளிஞ்சி துன்னியா?"

"கர்த்தர் மேல ஆணையா இல்ல."

அவள் அடுப்படியை ஒவ்வொன்றாகக் கிளறினாள். டப்பாக்களைப் பத்தாவது படிக்கிற மகள் நிஷாவிடம் கொடுத்துப் பொடியெழுத்தைப் படிக்கச் சொன்னாள். பெருங்காய டப்பாவில் நிஷா நின்றாள். "யம்மா, இதுல கோதுமை மாவு கலந்துகீது."

புது டப்பா, போன மாதம் வாங்கியது. தினமும் ரசத்தில் அதைத் தூவியது மார்த்தாள்தான். ஒரு கணம் திகைத்தவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. "நானே வெசம் வெச்சிருக்கேன் பாரு உனுக்கு." அவனும் சிரித்தான். டப்பா குப்பைக்குப் போனது.

ரத்த சொந்தத்துக்கும் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் நிஷாவுக்கும் சோதனை நடந்தது. முடிவு வரும்வரை மார்த்தாளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்றுமில்லை என்று வந்ததும் மூவரும் நேராகக் கடைக்குப் போனார்கள்.

"எனக்கு மூணு பரோட்டா," என்றாள் நிஷா.

அருள்தாஸ் மாவுத் தூசிக்கு ஒதுங்கி ரோட்டோரமாகவே நின்றுகொண்டு, உள்ளே புது மாஸ்டருக்குக் குரல் கொடுத்தான். "நைனா, எம்பொண்ணுக்கு. இன்னும் மெல்லிசா வீசு."

மார்த்தாள் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, தனக்கும் ஒரு இலை போடச் சொன்னாள்.