பாத்தாச்சு

கால்கட்டு மறுபடியும் அவிழ்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு வந்ததும் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து யாரோ வேட்டிக் கிழிசலால் கட்டியிருந்தார்கள். கட்டியவருக்கு என்ன அவசரமோ. வெங்கடேஸ்வரி தலைமாட்டிலிருந்து எழுந்து வந்து, புருஷனின் காலடியில் உட்கார்ந்து அவளே இறுக்கிக் கட்டினாள்.

“கால்கட்டு போட்டா மலையேறப் போகமாட்டான்னுதானே உன்னய எம்மவனுக்குக் கட்டிவச்சேன்” என்று ஒப்பாரிக்கு நடுவே சொன்னாள் மாமியார் செல்லத்தாய். “இப்பத்தான் ஒழுங்காக் கட்டுதியாக்கும்.”

துஷ்டி வீட்டில் பெற்றவள் என்ன பேசினாலும் பொறுத்துத்தான் போகவேண்டும். வெங்கடேஸ்வரி முடிச்சை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள்.

சீனிச்சாமிக்குப் பாறையேற்றம்தான் பிழைப்பு. மதுரை, சென்னை, பெங்களூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். ராஜபாளையத்துக்கு மேற்கே மாந்தோப்பை ஒட்டி நிற்கிற சொட்டைப்பாறையில் கயிறு போட்டு அவர்களை ஏற்றி, இறக்கி, முழுசாக வீட்டுக்கு அனுப்புவான். அவர்கள் குடியிருக்கிற மடவார் வளாகத்தில் இதை ஒரு தொழிலென்று சொன்னால் சிரிப்பார்கள். “ஏறணும்னா நம்மூரு திருவண்ணாமலைப் பெருமாள் கோயில்ல படி கெடக்கு, சாமியாவது கெடைப்பாரு. மொட்டப் பாறையில என்னலே கெடைக்கும்?” என்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

பாறையடிக்குப் போய்விட்டால் அந்தச் சிரிப்பு இருக்காது. செண்பகத்தோப்புக்கு மேலே வனத்துறை கூடாதென்ற இடத்தில் எந்தக் கொம்பன் கேட்டாலும் கயிறு போடமாட்டான். வானம் கறுத்தால் பாதிப் பாறையிலிருந்தும் ஆட்களை இறக்கிவிடுவான். வயசான கயிற்றை வேறு யாரும் எடுத்து ஏறிவிடக்கூடாதென்று துண்டு துண்டாக வெட்டிப்போடுவான். கொல்லையில் துணி காய்கிற பச்சைக் கயிறு அப்படி வந்ததுதான். அன்றன்றைக்குத் தான் செய்த தப்பை வந்தவர்கள் முன்னாலேயே சாயங்காலம் சொல்லிவிடுவான். மறைத்த தப்பு அடுத்த ஆளைக் கொல்லும் என்பது அவன் கட்சி.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி வைத்திருந்தான். தன் முடிச்சைத் தானே பார்த்துக்கொண்டால் போதாது. ஏறுகிறவன் “பாத்தாச்சா?” என்று கேட்கவேண்டும். கீழே கயிறு பிடிக்கிறவன் கண்ணால் பார்த்து, கையால் இழுத்து, “பாத்தாச்சு” என்று சொன்ன பிறகுதான் கால் தரையைவிட்டு எழும்பவேண்டும்.

அப்பேர்ப்பட்டவன் நேற்றுக் காலை முதல் ஆளாக ஏறி, உச்சியில் கயிற்றை மாட்டிவிட்டு, இறங்குவதற்காகப் பின்னால் சாய்ந்தான். சாய்ந்தவனை எதுவும் பிடிக்கவில்லை.

வெங்கடேஸ்வரியின் அண்ணன் பாண்டிதுரை ராஜபாளையத்தில் ஏட்டு. கோடிச் சேலையோடு வந்தவன் அதை உள்ளே கொடுத்துவிட்டு அவளைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டான்.

“கயிறு அறுகல. முனை அவரு இடுப்பு பெல்ட்டுலருந்து உருவி வந்திருக்கு. கீழ பிடிச்சவன் அந்த விமல். இப்போதைக்கு விபத்துன்னுதான் பதிஞ்சிருக்கு. நீ ஒரு வார்த்தை சொல்லு, அவம் மேல கேஸ் எழுதிருதேன்.”

“அவன் என்ன செஞ்சான்?”

“அவந்தானே பாத்திருக்கணும்? இல்லைன்னா மாப்பிள்ளையே மறந்துட்டாருன்னு ஆகும். ஊருக்கெல்லாம் முடிச்சு சொல்லிக் குடுத்தவனுக்குத் தன் முடிச்சு போடத் தெரியலன்னு பேசுவானுவ. பேரு போயிரும்ட்டி.”

பேசத்தான் செய்வார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வாசல் பந்தலில் ஒருவர் ஏற்கெனவே, ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஆரம்பித்திருந்தார். வெங்கடேஸ்வரிக்கு எழுந்துபோய் அவர் வாயில் அடிக்க வேண்டும்போல இருந்தது. அவளுக்கு மிச்சமிருந்தது அந்தப் பேர் ஒன்றுதான். “சரிண்ணே” என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் முன்பக்கம் சத்தம் கேட்டது.

காலையிலிருந்து தெருமுனையிலேயே நின்றுகொண்டிருந்த விமல் உள்ளே வந்திருந்தான். சீனிச்சாமியோடு ஆரம்பத்திலிருந்து வேலை பார்த்தவன், அவளை மதினி என்று கூப்பிடுகிறவன். உடம்புக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னான்.

“அண்ணன் எட்டு முடிச்சு போட்டாரு. முனையை பெல்ட்டுக்குள்ள விட்டாரு. அதைத் திருப்பி அந்த எட்டு வழியாவே கொண்டு வந்தாத்தான் முடிச்சு முடியும். அதுக்குள்ள ஏற வந்த ஒரு பிள்ளை ஹெல்மெட் வாரு லூசா இருக்குன்னுச்சு. அண்ணன் திரும்பி அதை இறுக்கிக் குடுத்தாரு. பொறவு அப்படியே பாறையப் பாத்துத் திரும்பிட்டாரு. ‘பாத்தாச்சா’ன்னாரு. நான் கயித்துச் சிக்கு எடுத்துக்கிட்டு இருந்தேன். தலையத் தூக்கல, மதினி. ‘பாத்தாச்சு’ன்னுட்டேன்.”

செல்லத்தாய் எழுந்து வந்து அவன் முதுகில் அறைந்தாள். அவன் குனிந்து வாங்கிக்கொண்டான்.

“கேட்டியா? அவன் வாயாலயே சொல்லிட்டான்” என்றான் பாண்டிதுரை.

“ஏம்லே வந்து சொன்ன?” என்றாள் வெங்கடேஸ்வரி. “பெல்ட்டு விட்டுப்போச்சுன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா?”

“அண்ணன் இருந்தா சொல்லச் சொல்லுவாரு, மதினி.”

அவனைக் கொன்றுபோடலாம் போல இருந்தது அவளுக்கு. ஒரு நிமிஷம் தலையைத் தூக்கியிருந்தால் போதும். தூக்க என்ன வலித்தது?

நேற்று விடிகாலை வண்டியைக் கிளப்பிக்கொண்டே சீனிச்சாமி வாசலிலிருந்து கேட்டான். “கேஸ் சிலிண்டர் மூடியிருக்கா? பாத்தாச்சா?” அவள் உள்ளறையில் தலை பின்னிக்கொண்டிருந்தாள். “பாத்தாச்சு” என்றாள். பார்க்கவில்லை. என்றைக்குமே பார்த்ததில்லை. பால், தாழ்ப்பாள், மோட்டார் சுவிட்ச் என்று ஓயாமல் கேட்டுக் கேட்டு, அந்த வீட்டில் அது நாக்கு தானாகச் சொல்கிற சொல்லாகிவிட்டது. அதைக் கேட்டுவிட்டு அவனும் நிம்மதியாகப் போவான். நேற்றும் அப்படித்தான் போனான்.

அவள் பாண்டிதுரை பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, முடிச்ச முடிக்காம விட்டது அவிய. பாக்காமச் சொன்னது இவன். ரெண்டையும் சேத்து எழுதுறதா இருந்தா எழுது. ஒண்ண மட்டும்னா நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

“மாப்பிள்ளை பேரு...”

“உசுரோட எறங்கியிருந்தா சாயங்காலம் அவியளே சொல்லியிருப்பாவ.”

பாண்டிதுரை தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பந்தலுக்குப் போய்விட்டான். விமல் முகத்தைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

குளிப்பாட்டி, கோடி போட்டு, வாய்க்கரிசியும் முடிந்து, பாடையில் கிடத்தினார்கள். சீனிச்சாமி ஆள் நல்ல உயரம். கொண்டுவந்த சணல் கயிறு கால்பக்கம் கட்ட எட்டவில்லை. யாரோ கொல்லைக்கு ஓடி, துணியை எல்லாம் உதறிவிட்டு அந்தப் பச்சைக் கயிற்றை அவிழ்த்துவந்தார்கள். வழுவழுப்பான கயிறு, சாதா முடிச்சுக்குப் படியவில்லை. பாண்டிதுரை போட்டுப் பார்த்தான். வேறு இரண்டு பேர் போட்டுப் பார்த்தார்கள். மூங்கிலைத் தூக்கினதும் வழுக்கிக்கொண்டு வந்தது.

விமல் வந்து குனிந்தான். யாரும் வழிவிடவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. எட்டு போட்டு, முனையை மூங்கிலைச் சுற்றி எடுத்து, வந்த வழியே திருப்பிக் கொண்டுவந்தான். கட்டி முடித்துவிட்டும் அவன் நகரவில்லை. தூக்குகிறவர்கள் மூங்கிலில் கை வைத்துக் காத்திருந்தார்கள். கொட்டுக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

“பாத்தாச்சா?” என்றான், தரையைப் பார்த்தபடி.

வெங்கடேஸ்வரி கோடிச் சேலையோடு வந்து பாடையின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். முடிச்சுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். விரலை எட்டின் மேல் வைத்து, கயிறு போன வழியெல்லாம் போய், திரும்பிய வழியெல்லாம் திரும்பி, முனைவரைக்கும் வந்தாள். இழுத்துப் பார்த்தாள்.

“வெயில் ஏறுதுட்டி, எந்திரி” என்றது ஒரு குரல்.

அவள் எழவில்லை. இன்னொரு தரம் முதலிலிருந்து பார்த்தாள்.

“பாத்தாச்சு” என்றாள்.

அதற்குப் பிறகுதான் தூக்கினார்கள்.