எலும்பக்கூட விடல

"கொஞ்சம் இழுத்துப் பிடிங்க," என்றாள் டாக்டர். கம்பவுண்டர் கருப்பு நாயின் உணவுக்குழாயை அசையாமல் பிடித்துக்கொண்டார். கிழிசலைத் தைத்தாயிற்று. ஆனால் வெறும் தையலை நம்ப முடியாது, கசிந்தால் நாய் போய்விடும். கிளிசரினில் போட்டு வைத்திருந்த பசுவின் பனிக்குடச் சவ்வை எடுத்து அலசி, அதன்மேல் ஒட்டுப்போட்டாள்.

காதில் மாட்டியிருந்த ப்ளூடூத்தில் அண்ணன் கத்தினான். "அப்பாவ போட்டுட்டு எல்லாரும் உக்காந்திருக்கோம். உனக்கு நாய்தான் பெருசா போச்சா?"

"இதோ வந்துடறேண்ணா."

விடிகிற நேரத்தில் அப்பா போய்விட்டார். கட்டிலுக்கடியில் அவர் வளர்த்த நாய் எச்சில் ஒழுகக் கிடந்தது. "துக்கத்துல இதுக்கும் தொண்ட அடச்சுப்போச்சு," என்று அத்தை அழுதாள். எச்சிலில் ரத்தம் இருந்ததை டாக்டர் மகள்தான் பார்த்தாள். ஒரே நாளில் இரண்டையும் பறிகொடுக்க அவளால் ஆகாது.

வெளியே எடுத்த எலும்பு தட்டில் கிடந்தது. நேற்று அப்பாவின் சூப்புக்காக அவளே தட்டி உடைத்தது. ஒரு முனை கூராக நின்றது.

"சாப்பிட்டியாப்பா?" என்று நேற்றும் கேட்டாள்.

"எலும்பக்கூட விடலம்மா," என்று காலிக் கிண்ணத்தைக் காட்டிச் சிரித்தார்.

இரண்டு மாதமாக இதே பதில். அவர் துரும்பாய் இளைத்தார், நாய் கொழுத்தது. "இது மட்டும் எங்க போய்த் திங்குதுப்பா?" என்று கேலி வேறு செய்திருக்கிறாள். ஊரிலுள்ள நாய்களின் தொண்டையெல்லாம் பார்த்தவளுக்கு, சொந்த அப்பாவால் விழுங்க முடியவில்லை என்பது தெரியாமல் போயிற்று. தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால் கையில் உறை.

"பொழச்சுக்குமா டாக்டர்?" என்றார் கம்பவுண்டர்.

"ஒட்டுப் பிடிக்கணும். அதுவரைக்கும் எல்லாம் வயித்துக் குழாய்லதான். வாயில ஒண்ணும் குடுத்துடாதீங்க."

"மூஞ்சியப் பாத்துக் கெஞ்சுமே."

"கெஞ்சினாலும்."

அப்பாவை எடுத்துப்போய் எல்லாம் முடிந்த பிறகு, அண்ணன் பக்கத்தில் வந்து நின்றான்.

"நாய் பொழச்சுதா?"

"இன்னும் தெரியலண்ணா."

அவன் உள்ளே போனான்.

அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அத்தை ஒரு தட்டைக் கொண்டுவந்து கையில் திணித்தாள். "காலைலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படல. ஒரு வாயாவது சாப்பிடு." சொல்லிவிட்டு அடுக்களைக்குத் திரும்பினாள்.

ஒரு வாய் வைத்துப் பார்த்தாள். இறங்கவில்லை. தட்டை நாற்காலிக்கடியில் தள்ளினாள்.

"சாப்பிட்டியாம்மா?" உள்ளேயிருந்து அத்தை கேட்டாள்.

"சாப்பிட்டேன் அத்தை."

நாற்காலிக்கடியில் தட்டு அப்படியே இருந்தது.