பச்சை உடுப்பு

கம்பெனிக்குள் நுழைந்ததும் இசக்கிச்செல்வி செய்கிற முதல் வேலை குளிப்பதுதான். வீட்டில் குளித்துவிட்டு வந்திருந்தாலும் சரி, வழியில் சாரலில் தொப்பலாக நனைந்திருந்தாலும் சரி, வாசனையே இல்லாத மருந்து சோப்பைப் போட்டு அங்கே இன்னொரு தடவை குளித்தாக வேண்டும். மஞ்சள் ஆகாது, பவுடர் ஆகாது, தலையில் பூ ஆகவே ஆகாது. முடியைக் குல்லாவுக்குள் திணித்து, பச்சை உடுப்பை மாட்டி, கையுறையும் மாஸ்க்கும் போட்டு, கண்ணுக்கும் ஒரு பிளாஸ்டிக் கண்ணாடியை வைத்துவிட்டால் ஆள் யாரென்று சொல்ல முடியாது. "எங்கம்மை வந்து நின்னாலும் என்னைய யாருன்னுதான் கேப்பா" என்று சேர்ந்த புதிதில் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

தென்காசியிலிருந்து செங்கோட்டை போகிற ரோட்டை விட்டு விலகி, வயல்களுக்கு நடுவே இருந்தது அந்தக் கட்டடம். ஜன்னல் கிடையாது. கடைக்கு வருவதற்கு முன்னால் மருந்துகளை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்க்கிற இடம். எலியும் முயலும் மாடியில், நாய்கள் கீழே. எல்லா நாயும் ஒரே சாதி, ஒரே உயரம், தொங்கின காது, காதுக்குள் பச்சை குத்திய நம்பர். கூண்டைக் கழுவிவிட்டு, தட்டு வைத்து, எது தின்றது எது கக்கியது என்று சொல்வது இசக்கிச்செல்வியின் வேலை.

பேர் வைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். பேர் வைத்தால் பாசம் வந்துவிடும், பாசம் வந்தால் வேலை ஓடாது. அதனால் அவள் நாற்பத்திரண்டாம் நம்பரை, ஊரில் பெண்பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி 'ஏட்டி' என்று மட்டும் கூப்பிட்டாள். அது பேரில் சேராதே. அவள் புருஷன் மாரிராஜ் சீசன் நேரத்தில் குற்றாலத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கிறவன். இதைக் கேட்டதும் அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"நல்ல கதையா இருக்கே. இங்கன நான் உன்னைய ஏட்டிங்கேன். அங்கன நீ நாயை ஏட்டிங்க. அது யாரைப் போயி ஏட்டிங்கும்?"

வாரா வாரம் டாக்டர் விஜயசங்கர் ரத்தம் எடுக்க வருவார். அவருக்கும் அதே உடுப்பு, அதே மாஸ்க். அவரைக் கண்டதும் மற்ற நாய்கள் மூலையில் போய் ஒட்டிக்கொள்ளும். ஏட்டிக்கு மட்டும் அந்தப் புத்தி கிடையாது. பச்சை உடுப்பில் யார் வந்தாலும் வாலை ஆட்டிக்கொண்டு வந்து உட்காரும். கேட்பதற்கு முன்னாலேயே முன்காலைத் தூக்கி நீட்டும். ஊசி போட மழித்த இடம் முடி இல்லாமல் வெளுத்துக் கிடக்கும்.

"கடிச்சாக்கூட மனசு ஆறும் சார். இது காலைல்லா நீட்டுது" என்றாள் ஒருநாள்.

அவர் ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை அழுத்திக்கொண்டே கேட்டார். "வீட்டுல யாரும் மாத்திரை போடுதாங்களாக்கா?"

"எங்க வீட்டுக்காரரு பிரஷருக்குப் போடுதாரு."

"அதுவும் என்னைக்கோ இந்த மாதிரி ஒரு கால் வழியாத்தான் வந்திருக்கும்." அவர் அவளை மடக்குவதற்காகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு ஏட்டியின் காலைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து மாரிராஜுக்கு மாத்திரையைப் பிரித்துக் கொடுக்கும்போதெல்லாம் அவளுக்கு அந்தக் கால் ஞாபகம் வந்தது. அதற்காகக் கொடுக்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கிய சமயத்தில், நாய்களை வைத்துச் செய்கிற சோதனையை நிறுத்தப்போவதாகக் கம்பெனியில் சொன்னார்கள். இருக்கிற நாய்களை நல்ல வீடுகளாகப் பார்த்து வளர்க்கக் கொடுப்பார்கள். அதற்கென்று மதுரையிலிருந்து பிராணிகள் நலச் சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். கடைசி நாய் போகிற அன்றைக்குக் கீழ்த்தளத்தில் வேலை பார்த்தவர்களுக்கும் கடைசி நாள். காண்ட்ராக்ட் ஆட்கள்தானே.

"நாய்க்கெல்லாம் வீடு பாக்குதாவ. உனக்கு வேலை பாக்குதாவளா?" என்றான் மாரிராஜ்.

அவன் கேட்டது நியாயம்தான். ஆனால் அவள் நினைப்பெல்லாம் வேறு இடத்தில் இருந்தது. ஏட்டி பிறந்ததிலிருந்து மண்ணை மிதித்ததில்லை. வெயில் பட்டதில்லை. இத்தனை சாரல் விழுகிற ஊரில் ஒரு சொட்டு அதன் மூக்கில் விழுந்ததில்லை. அதை இலஞ்சிக்குத் தூக்கிப்போய்த் தன் வீட்டு முன்னால் இறக்கிவிட வேண்டும். வாய்க்கால் கரையில் நடத்திக் கூட்டிப்போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, மாஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு தடவை அதற்கு முன்னால் உட்கார வேண்டும். இவ்வளவு நாளும் உனக்குச் சோறு வைத்தவள் நான்தான், பார்த்துக்கோ என்று முகத்தைக் காட்ட வேண்டும். அந்த ஆசை அவளைத் தூங்கவிடாமல் அடித்தது.

சங்கத்திலிருந்து வந்த நீலாவிடம் போய், நாற்பத்திரண்டாம் நம்பரைத் தனக்குத் தரச் சொல்லி நின்றாள்.

"சொந்த வீடா?" என்றாள் நீலா.

"வாடகைதாம்மா."

"காம்பவுண்டு சுவர் இருக்கா?"

"வேலி இருக்கும்மா."

நீலாவுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "அந்த நாயைக் கோயமுத்தூர்ல ஒருத்தங்க போட்டோல பாத்துட்டுக் கேட்டிருக்காங்க. தோட்டத்தோட பெரிய வீடு. அதுக்கு நல்லா இருக்கும்மா."

"அவங்க போட்டோல பாத்தாவ. நான் அதுக்குப் பீ அள்ளிப் பாத்திருக்கேன்."

நீலா பேனாவை மூடி வைத்தாள்.

"சரி. சனிக்கிழமை அவங்களும் வராங்க, நீங்களும் வாங்க. நாய் யார்கிட்டப் போகுதோ அவங்க கூட்டிட்டுப் போகட்டும். ஆனா யாரும் கூப்பிடக் கூடாது, தீனி காட்டக் கூடாது. அதுவா வரணும்." திரும்பிப் போகிறவளைப் பார்த்து இன்னொன்றும் சொன்னாள். "வேலைக்கு வர்ற மாதிரி வராதீங்க. வீட்டுல இருந்து வர்ற மாதிரி, உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க."

இசக்கிச்செல்விக்குக் கால் தரையில் பாவவில்லை. ஏட்டி தன்னிடம் வராமல் வேறு யாரிடம் போகும்?

சனிக்கிழமை காலையில் மஞ்சள் தேய்த்துக் குளித்தாள். சந்தன சோப்புப் போட்டாள். தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்து வாரி, பிச்சிப்பூவை நாலு கையாக மடக்கி வைத்துக்கொண்டாள். பெட்டியிலிருந்து அரக்குப் பட்டை எடுத்து உடுத்தினாள்; அந்துருண்டை வாசனை ஆளைத் தூக்கியது. ஒரு நாயை வளர்க்க இவளுக்குத் தகுதி இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

மாரிராஜ் தேய்த்த வெள்ளைச் சட்டையில் கிளம்பி நின்றான். "பொண்ணு பாக்கப் போற மாதிரில்லா இருக்கு" என்றான்.

"நம்மளைத்தான் பாக்கப் போறாவ" என்றாள் அவள்.

கட்டடத்துக்கு முன்னால் சின்னதாக ஒரு புல்தரை. கோயமுத்தூர்த் தம்பதி அந்தப் பக்கம் நின்றார்கள். புருஷன் கையில் புதுக் கழுத்துப்பட்டை. பெண்சாதி பார்வைக்குச் சாதுவாக இருந்தாள். இசக்கிச்செல்வியைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். இந்தப் பக்கம் இவர்கள் இரண்டு பேரும். மலைப் பக்கமிருந்து மேகம் இறங்கி லேசாகத் தூறிக்கொண்டிருந்தது.

விஜயசங்கர் உள்ளேயிருந்து ஏட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இன்னும் சில நாய்கள் உள்ளே இருந்ததால் அவர் உடுப்பையும் மாஸ்க்கையும் மாற்றவில்லை. நடுவில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய் வாசல் நிலையோரம் நின்றுகொண்டார்.

புல் பட்டதும் ஏட்டி ஒவ்வொரு காலாகத் தூக்கியது. சூடு பட்டது மாதிரி தூக்கித் தூக்கி வைத்தது. மூக்கில் தூறல் விழ, தலையை உதறிவிட்டு மேலே பார்த்தது. சாரல்ட்டி, ஒண்ணும் செய்யாது என்று இசக்கிச்செல்வி மனசுக்குள் சொன்னாள்.

கோயமுத்தூர்க்காரர்களை ஏட்டி ஒரு பார்வை பார்த்தது, அவ்வளவுதான். பிறகு இந்தப் பக்கம் திரும்பியது. வயிறு புல்லில் உரச இரண்டு மூன்று அடி எடுத்து வைத்து வந்தது. அவள் குனிந்து கையை நீட்டினாள். வளையல் குலுங்கியது. ஏட்டி அப்படியே நின்றுவிட்டது. மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தது. பிச்சிப்பூ நெடியில் தும்மியது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தது. யாரோ ஒரு பெண்பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, பின்னுக்கு நகரத் தொடங்கியது.

"கூப்பிடுட்டி" என்றான் மாரிராஜ் அடிக்குரலில்.

அவள் கூப்பிடவில்லை. வாக்குக் கொடுத்திருக்கிறாள். சட்டென்று முந்தானையை இழுத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டாள், கண் மட்டும் தெரிகிற மாதிரி. அரக்குப் பட்டு பச்சையாகிவிடுமா? அதற்குள் ஏட்டி திரும்பிவிட்டது. வாசலில் பச்சை உடுப்பு நிற்பதைக் கண்டது. அவ்வளவுதான், வாலைச் சுழற்றிக்கொண்டு ஓடியது. விஜயசங்கரின் காலடியில் போய் உட்கார்ந்து முன்காலைத் தூக்கி நீட்டியது.

"ஐயோ, ஷேக் ஹேண்ட் குடுக்குது பாருங்க" என்றாள் கோயமுத்தூர்ப் பெண். ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, மழித்த இடத்தோடு சேர்த்து அந்தக் காலைப் பிடித்துக் குலுக்கினாள். அவள் புருஷன் கைபேசியில் படம் எடுத்தான். ஏட்டி பேசாமல் குலுக்கவிட்டு ஊசிக்காகக் காத்திருந்தது.

விஜயசங்கர் இசக்கிச்செல்வியைப் பார்த்தார். "மேடம், அந்த அக்கா..." என்று தொடங்கினார். நீலா அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், கூடாது என்று தலையை ஆட்டினாள். பேசினபடிதான் நடந்திருக்கிறது, இந்தம்மாவிடம் நாய் வரவில்லை, அவர்களிடம் காலையே கொடுத்துவிட்டது.

கழுத்துப்பட்டை மாட்டினார்கள். காரின் பின்சீட்டில் மெத்தை விரித்து ஏட்டியை ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள். கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. வண்டி கிளம்பிய பிறகுதான் இசக்கிச்செல்விக்கு வாய் திறந்தது. இனி எந்தச் சட்டமும் அவளைக் கட்டாது.

"ஏட்டி."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. உள்ளே படுத்திருந்த நாய் துள்ளி எழுந்தது. வால் சீட்டில் பட்பட்டென்று அடித்தது. அது கார் ஓரத்தில் நின்றவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, வாசலில் நிற்கிற பச்சை உடுப்பைத் தேடிப் பார்த்து, கண்ணாடி இடைவெளி வழியாக முன்காலை வெளியே நீட்டியது.