நிறுத்தும் பொத்தான்

சென்ற அக்டோபர் ஊர்வலத்தில், சிலுவை ஆண்டவரின் சப்பரத்தைத் தோளில் தாங்கியிருந்தபோதே லியோன்சியோ சரவியாவுக்குச் சிறுநீர் போய்விட்டது. சப்பரம் தூக்குபவர்கள் போடும் ஊதா அங்கி நனைந்தால் கறுப்பாகத் தெரியும். சப்பரத்துக்கு முன்னால் பின்னோக்கி நடந்தபடி தூபம் காட்டும் பெண்களில் அவருடைய மனைவி ஒதீலியாவும் ஒருத்தி. அவள் மட்டும் பார்த்தாள். உடனே தூபக் கலசத்தை அவர் பக்கமாக வீசி வீசி, கணவரை இடுப்புவரை புகையால் மூடினாள். ஆண்டவரைக் கண்டு லீமா நகரமே அன்று அழுதுகொண்டிருந்ததால் அவர் அழுதது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

அவருக்கு அறுபத்தேழு வயது. முப்பத்தெட்டு ஆண்டுகளாகச் சப்பரம் தூக்கும் அதே குழு. தன் முறை முடியும்வரை நிற்க முடியாதவர் இடத்தை விட்டுவிட்டு, ஓய்வு பெற்றவர்களின் வரிசைக்குப் போக வேண்டும் என்பது அவர்கள் குழுவின் விதி. அந்த வரிசை தெருவோரம் நிற்கும், சப்பரத்தைத் தொடாது.

புதிய சிகிச்சையைச் சோதித்துவந்த மருத்துவமனைக்கு அவரை இழுத்துக்கொண்டு போனவள் ஒதீலியாதான். டாக்டர் நொயெமி தாளில் படம் போட்டுக் காட்டினார்.

"பூதக்கண்ணாடியில வெயிலக் குவிச்சுக் காகிதத்த எரிச்சிருக்கீங்களா? கண்ணாடிகிட்ட கைய வெச்சா லேசா வெதுவெதுன்னு இருக்கும். கதிரெல்லாம் சேர்ற எடத்துலதான் பத்திக்கும். இங்க வெயிலுக்குப் பதிலா காதுக்குக் கேக்காத ஒலி. அவ்வளவுதான்."

புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்க் குழாயைச் சுற்றி ஒரு வளையம் போல இருக்கிறது. வயதாக ஆக வளையம் பருத்துக் குழாயை நெரிக்கிறது. சிறுநீர்ப் பை முழுதாகக் காலியாவதில்லை. அதனால்தான் சீக்கிரமே நிரம்பிவிடுகிறது. குவித்த ஒலி, அரிசிமணி அளவு இடத்தில் மட்டும் சூட்டை ஏற்றிச் சதையை வேகவைக்கும். வெந்ததை உடம்பே வாரக்கணக்கில் கரைத்துக்கொள்ள, வளையம் தளரும். எம்.ஆர்.ஐ. இயந்திரம் எந்த இடம் எவ்வளவு சூடாகிறது என்று திரையில் காட்டிக்கொண்டே இருக்கும். ஆனால் வளையத்தின் ஓரத்தில் நரம்புகள் ஓடுகின்றன. அங்கே சூடு பட்டால், திரையில் தெரிவதற்கு முன்பே உடம்புக்குத் தெரிந்துவிடலாம். அதற்காகத்தான் நோயாளியின் கையில் ஒரு பொத்தான்.

"கால்ல சூடு ஓடினா அமுக்கிடுங்க. பொறுத்துக்காதீங்க," என்றார் டாக்டர்.

எம்.ஆர்.ஐ. அறைக்குள் உலோகம் கூடாது. ஆண்டவர் உருவம் பதித்த கழுத்துப் பதக்கத்தைக் கழற்ற அவர் தயங்கினார்.

"ஆண்டவர எங்கிட்ட விட்டுட்டுப் போ, கிழவா," என்றாள் ஒதீலியா. "அந்தக் காந்தம் அவரையும் சுவத்துல ஒட்டிடும்."

முதலில் மிதமான ஒலியை அனுப்பி, குறி சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு உண்மையான சூடு. ஒவ்வொரு முறைக்கும் பின் சதை ஆறக் காத்திருந்தார்கள். ஏழாவது முறை இடது தொடையில் நெருப்புக் கோடு ஒன்று இறங்கியது. லியோன்சியோ பல்லைக் கடித்தார்.

சப்பரத்தின் கீழ் யாரும் வலிக்கிறது என்று சொல்வதில்லை. தோல் உரிந்தாலும் வாய் திறப்பதில்லை. குழுத் தலைவன் நசாரியோ மணி அடித்தால் தூக்குவார்கள், மறுபடி அடித்தால் இறக்குவார்கள். நடுவில் ஒருவன் நழுவினால் அவன் பாரம் அடுத்தவன் தோளில் விழும்.

எட்டாவது முறை கோடு முழங்காலைத் தொட்டது. மணிச் சத்தத்துக்காக அவர் காத்திருந்தார். இயந்திரம் தடதடத்தது, யாரும் மணி அடிக்கவில்லை. அந்த இயந்திரக் குழாய்க்குள் அவரைத் தவிர வேறு தோள் இல்லை. கறுத்த அங்கியும் அதை மூடிய புகையும் நினைவுக்கு வந்தன. பொத்தானை அமுக்கினார்.

"என்ன ஆச்சு?" ஒலிபெருக்கியில் டாக்டர் குரல்.

"எடது கால்ல... போன தடவையே இருந்துச்சு, டாக்டர்."

"அந்தப் பக்கத்த விட்டுடலாம்," என்றார் டாக்டர். "கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதோட வாழலாம். நரம்பு போயிட்டா கஷ்டம்."

பத்து நாள் சிறுநீர் வடிக்கும் குழாய் மாட்டிக் கிடந்தார். அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. இரவில் ஆறு முறை எழுந்தவர் மெல்ல மெல்ல இரண்டு முறைக்கு வந்தார்.

அடுத்த அக்டோபர் வந்தது. நசாரியோ மணி அடிக்க, ஆண்டவர் எழுந்தார். பாதித் தெரு தாண்டியதும் லியோன்சியோவின் அடிவயிறு கனத்தது.

"நசாரியோ, எனக்குப் பதிலா ஆள் போடு."

"என்னண்ணே சொல்ற? இன்னும் அம்பது அடிதான். பல்லக் கடிச்சுக்க. விதி தெரியுமில்ல?"

"தெரியும்டா. அத எழுதுனப்ப நானும்தான் கை தூக்குனேன். மணிய அடி."

நசாரியோ அவரையே பார்த்தான். பிறகு அடித்தான். சப்பரம் நின்றது. வேறொருவன் குனிந்து உள்ளே நுழைந்தான். லியோன்சியோ கூட்டத்தை விலக்கி எதிர் வீட்டுக் கதவைத் தட்டினார். சென்ற ஆண்டு அடக்கிக்கொண்டு அந்தக் கதவுவரை வந்திருக்க முடியாது.

திரும்பி வந்து ஓய்வு பெற்றவர்களின் வரிசையில் கடைசியாக நின்றார். தோள் லேசாக இருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. பின்னோக்கி நடந்துவந்த ஒதீலியா அவரைக் கடக்கும்போது அங்கியைப் பார்த்தாள். காய்ந்திருந்தது. அவள் கலசத்தை அவர் பக்கம் திருப்பவில்லை. புகை நேராக ஆண்டவரிடம் போயிற்று.