‘சௌகரியம்’ என்று எழுதிய வீடு

"குளிருதுன்னு எழுதினா நீங்க அழுவீங்களா ஆன்ட்டி?" என்று ஐந்து வயது சில்யா கேட்டாள்.

கனடாவின் தண்டர் பே நகரில் வீடுகளின் குளிரை ஆராயும் மாரிட் திடுக்கிட்டாள். ஆய்வுப் படிவத்தில் குளிர்வதாக எழுதிய வீடுகளுக்குத்தான் இலவசமாகச் சுவரைச் செப்பனிடுவார்கள். அந்த வீடுகளின் பட்டியலும் நேற்றே முடிந்துவிட்டது. சில்யாவின் தாய் ஐனோவோ, வந்தவள் மனம் நோகக் கூடாதென்று குளிர்காலம் முழுக்க ‘சௌகரியம்’ என்றே எழுதியிருந்தாள். கணப்பருகே இருந்த ஒரே நாற்காலியையும் ஒவ்வொரு முறையும் மாரிட்டுக்கே கொடுத்திருந்தாள்.

"ஏன்க்கா, சூடு அளக்கிற கருவி பதிமூணு டிகிரின்னு காட்டுதே!" என்றாள் மாரிட்.

"அதுக்கு வயசாயிடுச்சு போல. நீ காபியைக் குடி."

ஞாயிறு காலை தாயும் மகளும் தேவாலயம் போன பிறகு மாரிட் ஏணியோடு வந்தாள். சன்னல் இடுக்குகளை வெளியிலிருந்தே ஒவ்வொன்றாக அடைத்தாள். பனியில் பதிந்த தன் காலடிகளைத் துடைப்பத்தால் கலைத்துக்கொண்டே திரும்பிப் போனாள்.