ஐந்தாவது கிளாஸ்

போர்ட் டாரிக் பௌல்ஸ் கிளப்பின் தலைவர் கிளைவ் பென்ரோஸ், ஒரே ஒரு நூறு டாலர் நோட்டை வைத்துக்கொண்டு பதினோரு வருஷம் பீர் குடித்தவர்.

புல்வெளியில் பந்து உருட்டி முடிந்ததும், சனிக்கிழமை சாயந்திரம் ஐந்து பேர் ஜன்னலோர மேஜையில் உட்காருவார்கள். ஒரு ரவுண்டு ஒருவர் முறை. முறை வந்தவர் எழுந்துபோய் ஐந்து கிளாஸ் வாங்கிவர வேண்டும். இதை யாரும் சட்டமாக எழுதிவைக்கவில்லை. எழுதியிருந்தால் கிளைவ் அதில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்திருப்பார். தன் முறை வரும்போது அவர் பர்ஸைத் திறந்து, இஸ்திரி போட்டது போலிருக்கும் அந்தப் பச்சை நோட்டை இரண்டு விரலால் எடுத்து, பார் பக்கம் நீட்டி, சில்லறை இருக்குமா என்று டானியாவைக் கேட்பார். ஊரில் பேங்க் கிளையை மூடியதிலிருந்து டானியாவின் கல்லாவில் சில்லறை இருப்பது அபூர்வம். இல்லாத நேரம் பார்த்துத்தான் கிளைவும் கேட்பார். அடுத்த வாரம் நிச்சயம் என் முறை என்று அவர் நோட்டை மடிப்பதற்குள் வேறு யாராவது அலுத்துப்போய் எழுந்துவிடுவார்கள்.

இந்த ஏற்பாட்டை நிரந்தரமாக்கும் எண்ணத்தோடுதான் போன மார்ச் மாதம் பொதுக்குழுவில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். இனி கிளப்பில் ரொக்கம் வாங்குவதில்லை. எல்லாம் கார்டு, போன். காகிதப் பணத்தின் வீழ்ச்சியைப் பற்றி இருபத்தைந்து நிமிஷம் பேசினார். பார்லி விளையும் இந்தச் சிறு ஊர் எதிர்காலத்தின் வாசலில் நிற்கிறது என்றார். உறுப்பினர்களுக்கு வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததால் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மறு சனிக்கிழமையே கிளைவ் நோட்டை எடுத்துக் காட்டி, அடடா, என்னிடம் ரொக்கம் மட்டும்தானே இருக்கிறது என்று வருத்தப்பட்டார். எதிர்காலத்தின் வாசலைத் திறந்துவிட்டு, தான் மட்டும் வெளியே நின்றுகொண்டார்.

அவர் சொன்னது பொய்யுமல்ல. வீட்டில் இருந்தது ஒரே கார்டு. ஒரு குடும்பத்துக்கு எதற்கு இரண்டு கார்டு என்பது கிளைவின் கொள்கை. அந்த ஒரு கார்டு அவர் மனைவி மார்லீனின் கைப்பையில் இருந்தது. கைப்பையையும் தன் தங்கை ஜாயையும் கேரவனில் ஏற்றிக்கொண்டு மார்லீன் மே மாதம் மேற்கே ஊர் சுற்றக் கிளம்பினாள். ஆறு வாரம் என்றாள். இப்போது செப்டம்பர் பாதி போய்விட்டது. சண்டை எதுவும் இல்லை. முப்பத்திநான்கு வருஷமாக இரவுச் சாப்பாட்டு மேஜையிலும் கிளைவ்தான் தலைமை தாங்குகிறார், தான் பேசுவதற்கு நிகழ்ச்சிநிரலில் இடமே வரவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். கிளைவ் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார்.

போன சனிக்கிழமை கெவ் டக்கரின் முறை. கெவ் அறுவடை இயந்திரம் பழுதுபார்ப்பவன். கை பெரியது, வாய் அதைவிடப் பெரியது. பாருக்குப் போனான், வந்தான், கிளாஸ்களை மேஜையில் வைத்தான். நான்கு. ஐந்தாவதை எடுத்துவரத் திரும்பிப் போவான் என்று கிளைவ் காத்திருந்தார். கெவ் உட்கார்ந்து, மழை வராததைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். மற்ற மூவரும் தங்கள் கிளாஸை எடுத்துக் குடித்தார்கள். சிரித்திருந்தால்கூடத் தேவலை. சிறிது நேரம் கழித்து கிளைவ் எழுந்துபோய்க் குழாயில் ஒரு கிளாஸ் தண்ணீர் பிடித்துவந்து, டாக்டர் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லியிருக்கிறார் என்று அறிவித்தார். எந்த டாக்டர் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அன்று வீட்டுக்கு நடந்துபோகும்போதுதான் அவருக்கு உறைத்தது. மார்லீன் போனபிறகு அவரிடம் பேசுகிறவர்கள் அந்த மேஜையில் இருக்கும் நாலு பேர் மட்டும்தான். மற்றபடி ரேடியோ. ரேடியோ அவரைத் தலைவர் என்று கூப்பிடுவதில்லை. அடுத்த வாரம் நாலு நாற்காலி மட்டும் போட்டிருந்தால்?

திங்கட்கிழமை காலை பேங்க்குக்குப் போன் போட்டார். காத்திருக்கச் சொல்லி ஐம்பது நிமிஷம் பியானோ வாசித்துக் காட்டினார்கள். பிறகு வந்த ஒரு பெண், புதுக் கார்டு தபாலில் வரப் பத்து வேலை நாள் ஆகும், ஆனால் பேங்க் ஆப் மூலம் கார்டை இன்றைக்கே உங்கள் போனுக்குள் ஏற்றிக்கொள்ளலாம், கடையில் இருக்கும் மிஷின் பக்கத்தில் போனைக் காட்டினால் போதும் என்றாள். கிளைவிடம் நல்ல போன்தான் இருந்தது, மார்லீன் வாங்கித் தந்தது. அதில் அவர் டார்ச் அடிப்பார், மழை வருமா என்று பார்ப்பார்.

செவ்வாய்க்கிழமை, சமையலறை மேஜையில் மூக்குக்கண்ணாடி, பேனா, நோட்டுப் புத்தகம் சகிதம் உட்கார்ந்தார். ஆப் முதலில் நிபந்தனைகளைக் காட்டியது. உலகத்தில் எல்லோரும் ஒரே தட்டில் தாண்டிப்போகும் அந்த இடத்தை கிளைவ் ஒன்றே கால் மணி நேரம் உரக்கப் படித்தார். பதினேழாவது பிரிவுக்கு ஆட்சேபம் தெரிவித்தார். வழிமொழிய ஆள் இல்லாததால் ஏற்றுக்கொண்டார். அடுத்து, திரைக்குப் பூட்டு வேண்டும் என்றது போன். மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை என்று போனிடம் சொன்னார். போன் மசியவில்லை. கிளப் தொடங்கிய வருஷத்தைப் பூட்டு எண்ணாக வைத்தார். வாசல் கல்வெட்டிலேயே செதுக்கியிருக்கிற வருஷம். ஊரில் அதைத் தெரியாதவர் இல்லை.

கடைசியில் வந்து நின்றது அந்த வரி. இது நீங்கள்தான் என்று உறுதிசெய்ய, 417 என்று முடியும் எண்ணுக்கு ஆறு இலக்கம் அனுப்பியிருக்கிறோம்.

கிளைவின் எண் 862 என்று முடிவது. 417 யாருடையது என்று அவர் யோசிக்கவே வேண்டாம். அவர் மனப்பாடமாக வைத்திருக்கும் ஒரே எண் அது. கணக்கு தொடங்கிய நாளிலிருந்து பேங்க் வேலையெல்லாம் மார்லீன்தான் பார்த்தாள். அப்போது கிளைவ் பெரிய விஷயங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

மார்லீனுக்குப் போன் போடுவதா? நாலு மாசத்தில் அவர் போட்டதில்லை. முதலில் அவள்தான் போட வேண்டும் என்று தமக்குள் தீர்மானம் நிறைவேற்றி வைத்திருந்தார். எண்ணை மாற்றி அனுப்புமோ என்ற நப்பாசையில் 'மீண்டும் அனுப்பு' என்பதை அமுக்கிப் பார்த்தார். இன்னொரு தடவையும் அமுக்கினார்.

கால் மணி நேரத்தில் அவர் போன் அடித்தது.

"கிளைவ், எவனோ நம்ம அக்கவுன்ட்டுக்குள்ள நுழையப் பாக்கறான். மூணு தடவை நம்பர் வந்துருச்சு. நீ எதையும் அமுக்கித் தொலைக்காத."

"அது நான்தான், மார்லீன்."



"நீயா? எதுக்கு?"

"போன்லயே காசு குடுக்கற மாதிரி பண்ணிட்டிருக்கேன்."

"காசு குடுக்கறதுக்கா? நீ?"

உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். இன்டர்நெட்டில் எவளாவது அன்பாகப் பேசி ஏமாற்றுகிறாளா என்றும் கேட்டாள். கிளைவ் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு நிறுவனம் மாற்றத்தின் பாதையில் நடைபோடும்போது அதன் தலைவன் முன்மாதிரியாக விளங்க வேண்டிய அவசியம் இருக்கிறது என்று ஆரம்பித்தார்.

"கிளைவ், நான் பிக்னிக் மேஜை மேல ஏறி நிக்கிறேன். இந்த வனாந்தரத்துல இங்க மட்டும்தான் சிக்னல் வருது. கீழ ஜாய் என் காலப் பிடிச்சிட்டிருக்கா. சொற்பொழிவெல்லாம் வேண்டாம். எதுக்குன்னு சொல்லு."

கிளைவ் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"போன சனிக்கிழமை கெவ் நாலு கிளாஸ்தான் கொண்டுவந்தான்."

"சரி, அதுக்கு?"

"நாங்க அஞ்சு பேரு."

சிரிக்கப்போகிறாள் என்று காதிலிருந்து போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்தார். அவள் சிரிக்கவில்லை. ஜாயிடம் ஏதோ சொன்னாள். பிறகு, "பழசெல்லாம் செல்லாது. இன்னொரு தடவை அனுப்பச் சொல்லி அமுக்கு," என்றாள்.

அமுக்கினார். அந்த ஆறு இலக்கம் பாலைவனத்தைத் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் அவள் தான் நின்ற இடத்தைப் பற்றிச் சொன்னாள்: வீடு அளவுக்குச் சிவப்புப் பாறை, காலையில் கேரவனுக்குள் தலையை நீட்டிய கழுதை. கிளைவ் குறுக்கே பேசவில்லை. அப்படி அவர் கேட்டுக்கொண்டிருந்தது அவளுக்கே சந்தேகமாக இருந்திருக்க வேண்டும், லைனில் இருக்கிறாயா என்று இரண்டு தரம் கேட்டாள்.

"வந்துருச்சு. எழுதிக்கோ. நாலு, பூஜ்யம், ஒம்போது. ரெண்டு, ரெண்டு, ஆறு."

தட்டினார். திரையில் அவர் பெயர் போட்ட ஒரு நீலக் கார்டு எழும்பி வந்தது. வாழ்க்கையில் அவருக்கென்று வந்த முதல் கார்டு; அதற்கு எடை கிடையாது.

"ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ," என்றாள் மார்லீன். "நீ எங்க காட்டினாலும் எனக்கு இங்க மணியடிக்கும்." பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் கிளைவ் பழகினார். ரொட்டி சுடும் மிஷினிடம் போனைக் காட்டினார். ஃபிரிஜ்ஜிடம் காட்டினார். பேக்கரிக்குப் போய் இறைச்சி அடைத்த பஃப் ஒன்று வாங்கி நிஜமாகவே சோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. சோதனைக்கு ஏழு டாலரா என்று திரும்பிவிட்டார்.

சனிக்கிழமை ஆட்டம் முடிந்து மேஜைக்கு வந்தபோது ஐந்து நாற்காலி இருந்தது. யாரும் உட்காரும் முன்பே கிளைவ், "இந்த ரவுண்டு என்னோடது," என்றார்.

"தலைவரே, டாய்லெட் அந்தப் பக்கம்," என்றான் கெவ்.

கிளைவ் பாருக்கு நடந்தார். முதுகில் நாலு ஜோடிக் கண். ஐந்து கிளாஸ் என்றார். டானியா ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு, கேள்வி கேட்காமல் ஊற்றினாள். நாற்பத்தேழு டாலர் ஐம்பது சென்ட். மிஷினைத் தள்ளிவைத்தாள். கிளைவ் ரொட்டி மிஷினிடம் பழகியபடியே போனை நீட்டினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

திருப்பிப் பிடித்தார். மேலே பிடித்தார், பக்கத்தில் பிடித்தார். மிஷின் வாயே திறக்கவில்லை.

"போனுக்கும் சில்லறை இல்லையாம்," என்றான் கெவ் பின்னாலிருந்து. இந்தத் தடவை மேஜை சிரித்தது.

கிளைவின் நாக்கில் சாக்கு தயாராக வந்து உட்கார்ந்தது. மிஷின் ரிப்பேர், அடுத்த வாரம் நிச்சயம். பதினோரு வருஷத்துப் பழக்கம், கூப்பிடாமலே வரும். கவுன்டரில் ஐந்து கிளாஸ் நுரை அடங்கிக்கொண்டு நின்றது. வந்த சாக்கை விழுங்கிவிட்டுக் குனிந்து, தணிந்த குரலில் சொன்னார்:

"டானியா, எனக்கு இது தெரியலம்மா."

இந்தக் கட்டடத்தில் அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் அதற்கு முன் வந்ததில்லை. டானியா சிரிக்கவில்லை. மேலேயிருந்து விரலால் கீழே இழுக்கச் சொன்னாள். வரிசையாகப் பொத்தான்கள் வந்தன, எல்லாமே கருத்துக் கிடந்தன.

"எல்லாத்தையும் ஏன் அணைச்சு வச்சிருக்கீங்க?"

"சார்ஜ் வீணாகுமேன்னு..."

"காசு கட்டற பொத்தானையுமா?" அலை போலக் கோடு போட்ட ஒன்றை விரல் நகத்தால் காட்டினாள். "இதை அமுக்குங்க. இப்ப பிடிங்க. முகத்தை இல்ல, முதுகைக் காட்டுங்க."

பொத்தான் நீலமானது. மிஷின் கீச்சென்றது. வீட்டு மைக்ரோவேவ் அதைவிடச் சத்தமாகக் கூப்பிடும். இருந்தாலும் மேஜையில் சிரிப்பு நின்றது.

ஐந்து கிளாஸையும் தட்டில் வைத்து, வழியெல்லாம் சிந்திக்கொண்டே கிளைவ் கொண்டுவந்து சேர்த்தார். கை தட்டவில்லை யாரும். ஒருவர் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார், இன்னொருவர் நன்றி என்று சொல்லிவிட்டு உடனே பந்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஒரு சிற்றுரைக்கு கிளைவ் மனதுக்குள் குறிப்புகள் வைத்திருந்தார். அதை எடுக்கவில்லை.

சட்டைப் பையில் போன் நடுங்கியது. மார்லீனின் செய்தி.

"47.50, பௌல்ஸ் கிளப். இது நீயா, திருடனா? திருடன்னா அவனையே வீட்டுல வச்சுக்கோ."

கிளைவ் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி, "நான்தான்" என்று அனுப்பினார். நிறுத்தற்புள்ளியும் வைத்தார். உடனே அடுத்தது வந்தது.

"இங்க வெயில் கொளுத்துது. அடுத்த வாரம் தெக்க, வீட்டுப் பக்கம் இறங்கறோம். வீட்டுல எனக்கும் பேச டைம் ஒதுக்குவியா?"

இதற்குப் பதில் எழுத அவருக்கு நிறைய நேரம் பிடித்தது. மூன்று தடவை நீளமாக ஆரம்பித்து அழித்தார். கடைசியில், "நீயே ஆரம்பி. கழுதை அப்புறம் என்ன பண்ணுச்சு?" என்று அனுப்பினார்.

அதற்குள் பேங்க் ஆப் தன் பங்குக்கு ஒரு கேள்வியைத் திரையில் நீட்டியது. உங்கள் கணக்கின் தகவல்கள் 417 என்று முடியும் எண்ணுக்குப் போகின்றன. உங்கள் எண்ணுக்கு மாற்ற வேண்டுமா? கிளைவ் நிபந்தனை எதையும் படிக்காமல் 'வேண்டாம்' என்பதை அமுக்கினார்.

"போனைக் கீழ வையா," என்றான் கெவ், எழுந்துகொண்டே. "அடுத்தது என் முறை." போகும்போது விரலை நீட்டித் தலைகளை எண்ணினான். கிளைவ் ஜன்னல் வழியாகப் புல்வெளியை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

கெவ் திரும்பி வந்து ஐந்தாவது கிளாஸை அவர் முன்னால் வைத்தான். அதில் பாதிக்கு மேல் நுரை.

"பதினோரு வருஷத்துல ஒரு ரவுண்டு வாங்கியிருக்க," என்றான். "அதுக்கு இவ்ளோதான்."

கிளைவ் ஆட்சேபம் தெரிவிக்காமல் குடித்தார்.